எதிரே வருபவருக்கு மட்டும் இருட்டு

இரவில் 100 கி.மீ. வேகத்தில் காரை ஓட்டினால் ஒரு விநாடிக்குள் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடந்துவிடுகிறோம். சாலையில் ஏதோ கிடப்பதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒன்றரை விநாடி ஆகலாம். அதிலேயே 42 மீட்டர் போய்விடும். அப்புறம் காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் ஐம்பத்தைந்து மீட்டராவது வேண்டும். கூட்டிப் பார்த்தால் நூறு மீட்டரைத் தொடுகிறது. லோ பீம், அதாவது டிம் லைட், தெளிவாகக் காட்டுவதோ ஐம்பது, அறுபது மீட்டர்தான். டிம் லைட்டை நம்பி அந்த வேகத்தில் போகிறவர், கண்ணுக்கு இன்னும் தெரியாத இடத்தை நோக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறார். 60 கி.மீ. வேகம் என்றால் 45 மீட்டருக்குள் நிறுத்திவிடலாம். அதற்கு அதே விளக்கு போதும்.

சரி, ஹை பீம் போட்டுக்கொள்ளலாமே என்றால், எதிரே ஒருவர் வருகிறார். அவர் கண்ணில் அந்த வெளிச்சம் என்ன செய்கிறது? கண்ணுக்குள் நுழையும் ஒளி முழுவதும் நேராக விழித்திரைக்குப் போவதில்லை. கருவிழியும் உள்ளே இருக்கும் லென்ஸும் அதில் ஒரு பங்கைச் சிதறடிக்கின்றன. சிதறிய ஒளி விழித்திரை முழுவதும் மெல்லிய வெள்ளைத் திரைபோலப் படர்கிறது. அந்தத் திரைக்குப் பின்னால் கருப்புச் சட்டை போட்டு நடப்பவர் மறைந்துபோகிறார். விளக்கு நம் பார்வைக் கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு மோசம். கோணம் பாதியானால் திரையின் அடர்த்தி ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. வயது ஏற ஏற லென்ஸ் மங்குவதால் சிதறலும் கூடும். இருபது வயதுக்காரர் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போகிற வெளிச்சத்தில் அறுபது வயதுக்காரர் சில விநாடிகள் ஒன்றும் தெரியாமலே ஓட்டுகிறார்.

லோ பீம் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறது என்பதை ஒரு சுவர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். சமதளத்தில் சுவருக்குப் பத்து மீட்டர் முன்னால் காரை நிறுத்தி டிம் லைட்டைப் போடுங்கள். விளக்கின் உயரத்துக்கு ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் கீழே, கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு தெரியும். கீழே வெளிச்சம், மேலே இருட்டு. சாலை ஓரம் வரும் பக்கத்தில் மட்டும் கோடு கொஞ்சம் மேலே ஏறும். ஓரத்தில் நடப்பவரும் பலகைகளும் தெரிவதற்காக. இப்போது பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து டிக்கியில் மூட்டை ஏற்றிப் பாருங்கள், கோடு மேலே நகரும். காரின் மூக்கு ஒரே ஒரு டிகிரி தூக்கினால் பத்து மீட்டரில் அது 17 சென்டிமீட்டர். அறுபது மீட்டர் தொலைவில் ஒரு மீட்டருக்கும் மேல். எதிர்க்காரில் இருப்பவரின் கண் உயரம் அதுதான். டிம்மில்தான் போகிறேன் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அவருக்கோ கண் கூசிக்கொண்டிருக்கும். பாரத்துக்கு ஏற்ப விளக்கைத் தானாகத் தாழ்த்தும் கருவி இருக்கிற கார்களில் இந்தத் தொல்லை குறைவு. சாலைக்கும் எதிர்வண்டிக்கும் ஏற்பத் தானாக மாறுவது தகவமை விளக்கு. அந்தப் பெயரில் விற்கப்படும் பலவற்றிலும் விளம்பரத்தில் பேசப்படாத இந்தச் சிறு மோட்டார்தான் பிறருக்கு அதிகம் உதவுகிறது என்று நினைக்கிறேன்.

விளக்கை நிலைமைக்கு ஏற்ப மாற்றும் எண்ணம் புதிதல்ல. 1948-ல் வந்த டக்கர் என்ற அமெரிக்கக் காரின் முகப்பு நடுவில், ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும் மூன்றாவது விளக்கு இருந்தது. 1967-ல் சிட்ரோயன் டிஎஸ் காரிலும் ஸ்டீயரிங்கைப் பின்தொடரும் விளக்குகள் வந்தன. வளைவில் இது நல்ல உதவி, ஏனென்றால் நிலையான விளக்கு வளைவின் உள்ளே பார்க்காமல் நேராக வயலையோ பள்ளத்தையோ காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் ஸ்டீயரிங்கை மட்டும் நம்பும் விளக்கு நாம் திருப்பிய பிறகுதான் திரும்புகிறது. இடமும் வலமுமாக அடுத்தடுத்து வளையும் சாலையில் அது எப்போதும் ஒரு கணம் பின்தங்கும். அதனால் இப்போது சில கார்கள் கேமராவையும் வரைபடத்தையும் பார்த்து முன்கூட்டியே திருப்புகின்றன.

பெரிய மாற்றம் எல்.இ.டி. வந்த பிறகுதான். 2013-ல் ஆடி ஏ8 காரின் ஒவ்வொரு முகப்பு விளக்கிலும் ஹை பீமுக்கு 25 எல்.இ.டி.க்களை வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றும் சாலையின் ஒரு துண்டைப் பார்த்துக்கொள்கிறது. முன் கண்ணாடியின் உச்சியில் இருக்கும் கேமரா எதிர்வண்டியின் விளக்கையோ முன்னே போகும் வண்டியின் சிவப்பு விளக்கையோ கண்டுபிடித்தவுடன், அந்தத் திசையைப் பார்க்கும் எல்.இ.டி. மட்டும் அணைகிறது. மற்றவை ஹை பீமிலேயே எரிகின்றன. எதிர்வண்டி நெருங்க நெருங்க அணைவதும் எரிவதும் ஒவ்வொன்றாக நகர்ந்து, இருட்டுப் பெட்டி ஒன்று அந்த வண்டியோடு கூடவே பயணம் செய்கிறது. முதல்முறை இதைப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. இரு பக்கமும் மரங்கள் பளிச்சென்று தெரிகின்றன, நடுவில் ஒரு காரைச் சுற்றி மட்டும் நிழல்.

அடுத்தடுத்து வந்தவை இந்தத் துண்டுகளை நுணுக்கிக்கொண்டே போயின. போர்ஷே 2022-ல் அறிவித்த விளக்கில் ஒன்றுக்கு 32,000-க்கும் மேற்பட்ட ஒளிப்புள்ளிகள். மெர்சிடிஸ் ஒரு விளக்குக்குள் ஒளியைத் திருப்பும் பத்து லட்சத்துக்கும் அதிகமான நுண் கண்ணாடிகளை வைத்தது. சினிமா புரொஜெக்டரில் இருக்கும் அதே வகைச் சில்லு. இவ்வளவு நுணுக்கம் இருந்தால் எதிர்வண்டியின் வடிவத்துக்கு ஒட்டியே இருட்டை வெட்டலாம். பளபளக்கும் அறிவிப்புப் பலகை நம் வெளிச்சத்தையே நம் கண்ணில் திருப்பி அடிக்காதபடி அந்த இடத்தை மட்டும் மங்கலாக்கலாம்.

பலன் உண்மையானது. அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்கில், மோசமான முகப்பு விளக்கு உள்ள வண்டிகளைவிட நல்ல மதிப்பீடு பெற்ற விளக்கு உள்ளவற்றில் இரவில் வேறு வண்டி சம்பந்தப்படாமல் தனியாக மோதிக்கொள்ளும் விபத்துகள் 19 சதவீதம் குறைவு. எல்லாம் தகவமை விளக்குகள் அல்ல. ஆனால் வெளிச்சம் சரியான இடத்தில் விழுந்தால் உயிர் பிழைக்கிறது என்பதற்கு அது போதுமான சான்று. அந்த நாட்டிலேயே ஹை பீம், லோ பீம் என்று இரண்டாகப் பிரித்து எழுதிய பழைய விதி இந்த விளக்குக்கு இடம் தரவில்லை. டொயோட்டா 2013-ல் விண்ணப்பித்தும் 2022 பிப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. அதற்குள் ஐரோப்பாவில் இவை பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தன.

என் கவலை வேறு. இந்த அமைப்பு முதலில் தேடுவது விளக்குகளை. விளக்கு உள்ளவருக்கு இருட்டு கிடைக்கும், இல்லாதவருக்கு? சாலையோரம் எதிரே நடந்து வருபவர் கையில் விளக்கு இல்லை. அவரைப் பல அமைப்புகள் வாகனமாகக் கருதுவதில்லை, முழு ஹை பீமும் அவர் முகத்தில்தான். ஓட்டுநருக்கு அவர் நன்றாகத் தெரிகிறார் என்பது பெரிய நன்மை. ஆனால் அவருக்குக் கால் வைக்கும் இடம் தெரியாது. மங்கலான ஒற்றை விளக்கோடு வரும் சைக்கிளையோ மோட்டார் சைக்கிளையோ கேமரா தாமதமாகத்தான் புரிந்துகொள்ளலாம்.

லாரி ஓட்டுநரின் நிலைமை இன்னும் விசித்திரம். நடுவில் தடுப்புச்சுவர் உள்ள நெடுஞ்சாலையில் எதிர்த்திசை லாரியின் முகப்பு விளக்குகளைச் சுவர் மறைத்துவிடும். கேமராவைப் பொறுத்தவரை அங்கே யாருமில்லை. ஓட்டுநரின் கண்களோ இரண்டு மீட்டருக்கு மேலே, சுவரைத் தாண்டி நம் ஹை பீமை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மழையிலும் மூடுபனியிலும் அதிக வெளிச்சம் நமக்கே பகை, நீர்த்துளிகள் அதைத் திருப்பி அடிக்கும். கேமராவுக்கு முன்னால் உள்ள கண்ணாடியில் சேறு படிந்தால் அதற்கும் பார்வை போய்விடும். எல்.இ.டி. முன்பக்கம் அதிகம் சூடாகாததால், பனி பெய்யும் ஊர்களில் பழைய ஹாலஜன் உருக்கிய பனி இதில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. செலவைச் சொல்லவே வேண்டாம். முன்பு ஒரு பல்பை மாற்றினால் முடிந்த வேலைக்கு, இப்போது பெரும்பாலும் விளக்குத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும். முன் கண்ணாடியை மாற்றினால்கூடக் கேமராவைத் திரும்ப அளவு பார்த்துப் பொருத்தியாக வேண்டும்.

மேடு ஏறும் சாலையில் இன்னொன்றைக் கவனித்திருக்கிறேன். உச்சிக்கு அந்தப் பக்கம் வண்டி வருகிறது என்றால், அது தெரிவதற்கு முன்பே மரக்கிளைகளின் அடியில் ஒரு வெளிச்சம் ஏறும். நம் கண் அதைப் பிடித்துவிடும். என் காரின் கேமரா விளக்கையே நேரில் பார்க்கும்வரை காத்திருக்கிறது. அந்த அரை விநாடியில் முழு வெளிச்சமும் எதிரே வருபவர் கண்ணில் விழும். அதனால் கிளைகள் வெளுக்க ஆரம்பித்ததுமே தானியங்கிக்குக் காத்திராமல் கையாலேயே டிம் செய்துவிடுகிறேன்.