சுண்டுகோல்: ‘ஜிக்கிங் ராடு’ என்ற சொல்லும் அதன் பொருளும்

ஆழ்கடல் தூண்டில்காரர்கள் ‘ஜிக்கிங் ராடு’ என்று சொல்வது ஒரு தனி வகைத் தூண்டிற்கோலை. மீன் வடிவில் வார்த்த ஈயம், இரும்பு அல்லது டங்ஸ்டன் துண்டு ஒன்றைக் கடலடிவரை இறக்கி, அங்கிருந்து சுண்டிச் சுண்டி மேலே கொண்டுவந்து, அதை உயிருள்ள மீன் என்று பெருமீன்களை நம்பவைக்கும் கோல் அது. அந்த உலோகத் துண்டுதான் ஜிக். புழுவோ இறாலோ கோப்பது கிடையாது. மீனை ஏமாற்றுவது அசைவு மட்டும்தான். அந்த அசைவைக் கொடுப்பது கோல்.

ஆங்கிலத்தில் ‘ஜிக்’ முதலில் ஒரு துள்ளல் நடனம். 16ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பொருளில் புழங்கியிருக்கிறது. குதித்தல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லோடு சிலர் அதைத் தொடர்புபடுத்துவார்கள். அறிஞர்களிடையே அதில் ஒருமித்த கருத்து இல்லை. துள்ளலில் இருந்து மேலும் கீழும் வெட்டி அசைத்தல் என்ற பொருள் வந்தது. அங்கிருந்து மீன்பிடிக்கும் போயிற்று. வட அட்லாண்டிக்கில், நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் காட் மீன் பிடித்தவர்கள் ஈயத்தில் மீன்போல் வார்த்து, இரண்டு முள் பதித்து, கைக்கயிற்றில் இறக்கி வெட்டி வெட்டி இழுத்தார்கள். அந்தக் கருவிக்கு ‘ஜிகர்’ என்று பெயர். அதில் கோல் இல்லை, கை மட்டும்தான்.

கோலுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஜப்பானியர் பங்கு பெரியது. நீளாத பின்னல் நரம்பு (தூண்டில் கயிறு) பரவிய 1990களில், நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஜிக்கையும் கோலின் சிறு அசைவால் துள்ளவைக்க முடிந்தது. நைலான் நரம்பு ரப்பர்போல் நீண்டு அந்த அசைவையெல்லாம் விழுங்கிவிடும். முள்ளைச் சிறு கயிற்றில் கட்டி ஜிக்கின் தலைப்பக்கம் தொங்கவிடும் வழக்கமும் அங்கிருந்துதான் பரவியது.

சரி, தமிழில் இதை என்னவென்று சொல்வது? ‘தூண்டில்’ என்பதை இன்று பலரும் முள்ளும் நரம்பும் என்ற அளவில் புரிந்துகொள்கிறோம். பழைய பொருள் அதைவிட அகலம். குறுந்தொகை 54ஆம் பாடலில் தினைப்புனக் காவலரின் கவண் ஒலிக்கு வெருண்ட யானை, வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைக் கைவிடுகிறது. ‘கான யானை கைவிடு பசுங்கழை மீன்எறி தூண்டிலின் நிவக்கும்’ என்கிறது பாட்டு. வளைந்த மூங்கில் விடுபட்டு, மீனைச் சுண்டி எடுக்கும் தூண்டில்போல் விருட்டென்று உயர்கிறது. பாடியவரின் இயற்பெயர் மறைந்து, மீனெறி தூண்டிலார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. இங்கே தூண்டில் என்பது கோல்தான். அதுவும் வளைந்து, சேர்த்துவைத்த விசையோடு நிமிரும் கோல்.

தூண்டு என்ற வினையில் இருந்து தூண்டில் வந்ததால், ஜிக்கிங் கோலைத் ‘தூண்டுகோல்’ என்று சொல்லிவிடலாமே எனத் தோன்றும். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. விளக்குத் திரியைத் தூண்டும் கோலாக இருந்து, ஊக்கம் தருவது என்ற பொருளுக்கு அது நகர்ந்துவிட்டது. ‘துள்ளுகோல்’ என்பதும் பொருந்தாது. துள்ளுவது ஜிக், கோல் அல்ல. நடனத்தை வைத்து மொழிபெயர்ப்பது இன்னும் தூரம்.

எனக்குச் சரியாகப் படுவது ‘சுண்டு’ என்ற வினை. விரலை மடக்கி, விசை ஏற்றி, சட்டென்று விடுவதுதான் சுண்டுதல். கேரமுக்குச் சுண்டாட்டம் என்று பெயர் வந்ததும் இதனால்தான். கோல் செய்வதும் அதையேதான்: வளைகிறது, விசை ஏறுகிறது, நிமிரும்போது ஜிக்கைத் தூக்கி எறிகிறது. எழுதுகோல், ஊன்றுகோல் வரிசையில் ‘சுண்டுகோல்’ இயல்பாக உட்காரும். ஜிக்கைச் ‘சுண்டிரை’ எனலாம்: சுண்டு, இரை என்ற இரண்டும் புணர்ந்த சொல். கடையில் ஜிக் என்று கேட்பதில் தவறில்லை. எழுதும்போது ஒருமுறை ஜிக்கிங் ராடு, சுண்டுகோல் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு, அப்புறம் சுண்டுகோல் என்றே தொடரலாம்.

இந்தப் பெயர் கோலைத் தேர்ந்தெடுக்கவும் உதவும். கடையில் ஒரே பெயரில் விற்கப்படும் கோல்கள் உண்மையில் இரண்டு குடும்பம். ஒன்று வேகச் சுண்டலுக்கானது. 5 அடியை ஒட்டிய குட்டையான, உறுதியான கோல். கத்திபோல் நீண்ட ஜிக்கை வேகமாக மேலே ஏற்றும். மீனோடு மல்லுக்கட்டும் சுமையையும் இந்தக் கோலே தாங்கும். மற்றது மெதுச் சுண்டலுக்கானது. ஜப்பானின் நொரிஹிரோ சாத்தோ பரப்பிய முறை இது. 6 அடியைத் தாண்டும் மெல்லிய கோல். நரம்பைச் சுருட்டும் ரீலைக் கால் சுற்று, அரைச் சுற்று சுற்றினால் வளைந்து, தானாக நிமிர்ந்து ஜிக்கை எறியும். எறிந்த பிறகு ஜிக் பக்கவாட்டில் புரண்டு இலைபோல் இறங்கும். பெரும்பாலும் மீன் கவ்வுவது அந்த இறக்கத்தில்தான். குறுந்தொகை மூங்கிலுக்கு மிக நெருங்கியது இந்தக் கோல். ஆனால் இது மீனோடு போராடச் செய்யப்பட்டதல்ல. மீன் மாட்டியதும் நுனியை நீர்ப்பக்கம் தாழ்த்தி, சுமையை ரீலுக்குக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் மெதுச் சுண்டுகோலைப் புதியவர் கையில் கொடுப்பது பெரிய தவறு என்பேன்.

கோலின்மேல் ‘பி.இ. 3-5’ என்று அச்சிட்டிருக்கும். பி.இ. என்பது பாலிஎத்திலீன், அதாவது பின்னல் நரம்பின் பொருள். எண் குறிப்பது நரம்பின் பருமனை. தாங்கும் எடையைப் பலரும் அதில் தேடுவது பிழை. ஜப்பானிய அளவின்படி 1ஆம் எண் நரம்பு 200 டெனியர். 9000 மீட்டர் நீளத்தின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்களுக்குப் பழக்கமான அதே அளவுதான். அப்படியானால் 5ஆம் எண் 1000 டெனியர், விட்டம் சுமார் 0.37 மில்லிமீட்டர். நல்ல பின்னலாக இருந்தால் ஏறத்தாழ 36 கிலோ தாங்கும். ரீலின் இழுப்புத் தடையை, அதாவது மீன் எவ்வளவு இழுத்தால் நரம்பு நழுவி வெளியேறும் என்ற அளவை, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது 12 கிலோ அளவுக்கு வைப்பது வழக்கம். அந்த 12 கிலோவைக் கோலும் தாங்குமா, பிடித்திருப்பவரின் இடுப்பும் தாங்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கோலின் குட்டைத்தனத்துக்குக் காரணம் இங்கே இருக்கிறது. கோல் ஒரு நெம்புகோல், ஆனால் மீனுக்குச் சாதகமான நெம்புகோல். கைப்பிடியில் இருந்து நுனி 1 மீட்டர் தள்ளியிருக்கும்போது 10 கிலோ இழுத்தால் ஒரு சுமை, 1.5 மீட்டர் தள்ளியிருந்தால் அதே மீன் ஒன்றரை மடங்கு முறுக்கும். அந்தமான் கடலில் பார்களை, அதாவது கடலடிப் பவளப் பாறைத் திட்டுகளை, ஒட்டி வாழும் பெரும்பாறை மீனும் (ஜயன்ட் ட்ரெவாலி) டாக்டூத் சூரையும் முள் மாட்டிய கணமே பாருக்குள் பாயும். தயங்கினால் பவளத்தில் உரசி நரம்பு அறுந்துவிடும். முள்ளில் சிக்கிய வரால் மீன் ‘தூண்டில் வேட்டுவன் வாங்க வாராது’ கயிறு பூட்டிய சினக்காளைபோல் மதம்கொண்டு குளத்தைக் கலக்குவதாக அகநானூறு 36ஆம் பாடல் சொல்லும். அங்கே ‘வாங்க’ என்றால் இழுக்க. குளத்து வராலே அப்படியென்றால், இருபது முப்பது கிலோ பாறை மீனுக்கு நீளக்கோல் ஆகாது. அங்கே நான் வேகச் சுண்டலுக்கான 5 முதல் 5½ அடிக் கோலையே எடுப்பேன்.

ஜிக்கின் எடையும் கோலில் அச்சாகியிருக்கும். 100 மீட்டர் ஆழத்துக்கு 200 முதல் 300 கிராம் ஜிக் பொதுவானது; நீரோட்டம் வலுத்தால் இன்னும் கூடும். 300 கிராமை 150 கிராமுக்கான கோலில் கட்டினால், சுண்டும் முன்பே கோல் தன் வளைவையெல்லாம் செலவழித்து நிற்கும், ஜிக் அசையாது. மாறாக, விறைத்த கோலில் லேசான ஜிக்கைக் கட்டினால் கோல் வளையவே வளையாது. ஆகவே முதலில் ஆழம், அதிலிருந்து ஜிக், பிறகு கோல் என்று போவதே நல்லது.

‘ஆக்‌ஷன்’, ‘பவர்’ என்ற இரண்டு சொற்களும் இங்கே குழப்பும். செயல், ஆற்றல் என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. ஆக்‌ஷன் என்பது கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பது, ‘வளைவு’ போதும். பவர் என்பது வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது, அது ‘விறைப்பு’. பெருமீனுக்கான வேகச் சுண்டுகோலில் வளைவு நுனியோடு நிற்காமல் அடிவரை இறங்க வேண்டும். மீன் படகுக்கு நேர் கீழே வந்ததும் கோலைச் செங்குத்தாக உயர்த்தினால் சுமை முழுவதும் நுனியில் குவிந்து, எவ்வளவு விலை உயர்ந்த கார்பன் கோலும் முறிந்துபோகும். கார்பனோடு கண்ணாடி இழை கலந்த கோல் சற்றுக் கனம், ஆனால் இந்த அடியைக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும். முதல் கோலுக்கு அதையே பரிந்துரைப்பேன்.