துப்பாக்கியைப் பார்சலில் அனுப்பலாமா? சட்டம் சரி என்கிறது, கவுண்டர் மறுக்கிறது

டெக்சாஸில் துப்பாக்கி விற்பனை உரிமம் வைத்திருப்பவன் நான். தமிழன் என்று தெரிந்ததும் நம்மவர்கள் தயங்காமல் தொலைபேசியில் அழைக்கிறார்கள். வாங்குவதைப் பற்றிக் கேட்பவர்களைவிட அனுப்புவதைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். "அண்ணா, நியூஜெர்சிக்கு வீடு மாறுகிறேன், இதை எப்படி அனுப்புவது?" "இணையத்தில் ஒருவர் விலை பேசிவிட்டார், தபாலில் போட்டுவிடலாமா?" "ட்ரிக்கர் சிக்குகிறது, கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்." காசு கொடுத்து முறைப்படி வாங்கிய பொருளை இடம் மாற்ற இத்தனை பாடா என்ற எரிச்சல் எல்லார் குரலிலும் இருக்கும்.

பாடுதான். அதற்குக் காரணம், இங்கே இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. ஒன்று அமெரிக்க நடுவண் அரசின் சட்டம். மற்றொன்று பார்சல் நிறுவனங்கள் தாங்களாகப் போட்டுக்கொண்ட விதிகள். சட்டத்தை மட்டும் இணையத்தில் படித்துவிட்டு, "அனுமதி உண்டு என்று எழுதியிருக்கிறதே" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்தான் கவுண்டரில் முட்டிக்கொண்டு நிற்கிறார்.

முதலில் சட்டம். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத ஒருவர் வேறு மாநிலத்தில் வசிக்கும் உரிமம் இல்லாத இன்னொருவருக்குத் துப்பாக்கியை விற்கவோ கொடுக்கவோ அனுப்பவோ கூடாது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. வேறு மாநிலத்தில் இருக்கும் இன்னொருவருக்குப் போக வேண்டிய துப்பாக்கி அந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற விற்பனையாளர் ஒருவரிடம்தான் போய்ச் சேர வேண்டும். எஃப்.எஃப்.எல். என்று எல்லாரும் சொல்வது இந்த உரிமத்தைத்தான். அவர் அதைத் தம் பதிவேட்டில் வரவு வைப்பார். வாங்குபவர் நேரில் வந்து படிவம் 4473ஐ நிரப்ப வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பில் தேற வேண்டும். அதன் பிறகுதான் பொருள் கைக்கு வரும். கைத்துப்பாக்கி என்றால் வாங்குபவர் அந்த மாநிலத்தவராகவே இருக்க வேண்டும்.

இந்தக் கெடுபிடி சும்மா வரவில்லை. 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்டு பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்து, சிகாகோ கடை ஒன்றிலிருந்து தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ரைஃபிள் ஒன்றை 19.95 டாலருக்குத் தபாலில் வரவழைத்தான். பொய்ப் பெயரில், டல்லாஸ் அஞ்சலகப் பெட்டி முகவரிக்கு வந்து சேர்ந்தது அது. அதே ஆண்டு நவம்பரில் அந்த ரைஃபிளால்தான் அதிபர் கென்னடி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் சட்டம் வர ஐந்தாண்டு ஆயிற்று. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்ட 1968ஆம் ஆண்டின் அக்டோபரில்தான் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார்.

அஞ்சலகத்தின் கதை இதற்கும் பழையது. மறைத்து வைக்கக்கூடிய துப்பாக்கிகளைத் தபாலில் அனுப்பத் தடை விதித்த சட்டம் 1927இல் வந்தது. அதனால்தான் பிஸ்டலும் ரிவால்வரும் தனி மனிதர் அஞ்சல் பையில் போட முடியாத பொருள்களாக இருந்துவந்தன. உரிமம் பெற்ற தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களும் மட்டும் தனிப் படிவம் கொடுத்து அனுப்பலாம். ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் அப்படி இல்லை. தோட்டா இல்லாத நீளத் துப்பாக்கியைத் தனி மனிதர் தம் மாநிலத்துக்குள் இன்னொருவருக்கு அனுப்பலாம், எந்த மாநிலத்து விற்பனையாளருக்கும் அனுப்பலாம். வேட்டைக்குப் போகும் மாநிலத்துக்குத் தமக்கே கூட அனுப்பிக்கொள்ளலாம்; அங்கே ஒருவரின் பொறுப்பில் முகவரியிட்டு, போய்ச் சேர்ந்ததும் தாமே பிரிக்க வேண்டும். 2026 ஜனவரியில் நீதித் துறையின் சட்ட ஆலோசனை அலுவலகமே 1927ஆம் ஆண்டுத் தடை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று கருத்துச் சொன்னது. செய்தியைப் படித்த அன்றே "இனிப் போடலாமா?" என்று கேட்டு அழைப்புகள் வந்தன. செய்தித் தலைப்பை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். அனுப்பும் நாளில் எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று சொல்லும் அஞ்சலகத்தின் வெளியீடு 52இல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். தோட்டாக்களைப் பொறுத்தவரை பேச்சே இல்லை. ஒரே ஒரு தோட்டாவும் அஞ்சலில் போகக் கூடாது.

சரி, அஞ்சலகம் வேண்டாம், தனியார் இருக்கிறார்களே என்றால், அங்கேதான் இரண்டாவது பூட்டு. முன்பெல்லாம் தனி மனிதரும் கைத்துப்பாக்கியைக் கூடுதல் கட்டணத்தில் மறுநாள் விமானச் சேவை வழியாக விற்பனையாளருக்கு அனுப்ப முடிந்தது. இன்று யு.பி.எஸ்., ஃபெட்எக்ஸ் ஆகிய பார்சல் நிறுவனங்கள் இரண்டுமே, உரிமம் பெற்று, தங்களோடு தனி ஒப்பந்தமும் செய்துகொண்டவர்களிடம் மட்டும்தான் துப்பாக்கிப் பார்சலை வாங்குகின்றன. இது சட்டம் அல்ல, வணிக முடிவு. சட்டம் "உரிமம் உள்ளவருக்கு நீ அனுப்பலாம்" என்கிறது. எடுத்துச் செல்ல ஆள் இல்லை. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் சாமானியர் நடுத்தெருவில் நிற்கிறார். இதில் என் கோபம் வாடிக்கையாளர்கள் பக்கம்தான். முறைப்படி நடக்க நினைப்பவனை இப்படி அலைக்கழித்தால், அவன் குறுக்கு வழி தேடுவதில் என்ன வியப்பு?

ஆனாலும் அந்தக் குறுக்கு வழி வேண்டாம். "இயந்திர உதிரிபாகம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன், யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர்கள் உண்டு. பெட்டி வழியில் கிழிந்தால் போதும். உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும். அதோடு காப்பீடு செல்லாது, இழப்பீடு கிடையாது, துப்பாக்கி எங்கோ ஒரு கிடங்கில் தடுத்து வைக்கப்படும், விசாரணைக்கு அழைக்கும் அதிகாரியிடம் உங்கள் கையெழுத்துப் போட்ட பொய் இருக்கும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? உங்கள் ஊர் விற்பனையாளரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் தம் பதிவேட்டில் வரவு வைத்து, தம் ஒப்பந்தக் கணக்கிலேயே அனுப்புவார். இதற்கு அவருக்கு ஒரு கட்டணம், அனுப்பும் செலவு, மறுமுனையில் பெறும் விற்பனையாளருக்கு ஒரு கட்டணம். எல்லாம் சேர்ந்தால் மலிவான துப்பாக்கிக்கு மனம் வராது. சிலரிடம் நானே சொல்லியிருக்கிறேன்: இதை இங்கேயே விற்றுவிட்டு அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னிடம் வந்தால் நான் செய்வதைச் சொல்கிறேன். துப்பாக்கி மேசைக்கு வந்ததும் தோட்டாப் பெட்டியான மேகசினை உருவி, மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து, தோட்டா அமரும் அறையைக் கண்ணால் பார்த்து, பிறகு சுண்டுவிரலை விட்டும் பார்ப்பேன். "காலிதான்" என்று கொண்டுவந்தவர் சத்தியம் செய்தாலும் பார்ப்பேன். குழல் வழியாக ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் செருகிக் கட்டுவேன். கெட்டியான உறைக்குள் வைத்துப் பூட்டி, அதைச் சாதாரண அட்டைப் பெட்டியில் போட்டு, குலுக்கினால் சத்தம் வராத அளவுக்குத் தாள் திணிப்பேன். வெளியே துப்பாக்கி என்று காட்டும் எழுத்தோ படமோ கூடாது. கடைப் பெயரிலேயே 'கன்ஸ்' என்று இருந்தால் முகவரியில் முதலெழுத்துகளை மட்டும் போடுவேன். தயாரிப்பாளரின் பளபளப்பான அட்டைப் பெட்டியிலேயே அனுப்பச் சொல்கிறவர்களிடம் "திருடனுக்குக் கடிதம் எழுதிப் போடுகிறீர்களா?" என்று கேட்பேன்.

பெட்டி கட்டும் முன்பே பெறும் விற்பனையாளரின் உரிம நகலை வாங்கி, துப்பாக்கி உரிமங்களைக் கண்காணிக்கும் நடுவண் அமைப்பான ஏ.டி.எஃப்.பின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். தனி மனிதரிடமிருந்து நேராக வரும் பார்சலை ஏற்காத விற்பனையாளர்களும் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா என்றால் விற்பனையாளருக்கும் கூடுதல் வேலை. அந்த மாநில நீதித் துறையிடம் தனி அனுமதி எண் வாங்காமல் நாங்கள் அனுப்ப முடியாது. நியூஜெர்சிக்குப் போகிறவர்கள் மறப்பது மேகசினை. டெக்சாஸில் 15 தோட்டா, 17 தோட்டா மேகசின்கள் சாதாரணம். நியூஜெர்சியில் பத்துக்கு மேல் கூடாது. துப்பாக்கி சட்டப்படி போய்ச் சேர்ந்து, அதோடு போன தகரப் பெட்டி சட்டவிரோதமாகிவிடும்.

பழுதுபார்க்க அனுப்புவது மட்டும் சற்று எளிது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவருக்கோ தயாரிப்பாளருக்கோ மாநிலம் தாண்டி நீங்களே அனுப்பச் சட்டம் அனுமதிக்கிறது. சரிசெய்த துப்பாக்கியை அவர்கள் உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம், மறுபடி படிவம் தேவையில்லை. பார்சல் நிறுவனச் சிக்கலுக்கும் வழி உண்டு: பல தயாரிப்பாளர்கள் தங்கள் கணக்கில் கட்டணம் செலுத்திய லேபிளை அனுப்புகிறார்கள். முதலில் அவர்களைக் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, முழுத் துப்பாக்கியையும் அனுப்பத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். பிஸ்டலில் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கி என்பது தொடர் எண் பொறித்த அடிச்சட்டமான ஃபிரேம்தான். குறி பார்க்கும் முள் உடைந்திருந்தால் ஸ்லைடை மட்டும் கழற்றிச் சாதாரண அஞ்சலில் அனுப்பினால் வேலை முடிந்தது.

இனி, நம் மக்களுக்கென்றே உள்ள சிக்கல்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள், மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவும் கூடாது, மாநிலம் தாண்டி அனுப்பவும் கூடாது. வைத்திருப்பதே குற்றம் என்னும்போது, அனுப்புவது எப்படி என்று கேட்பதில் பொருளில்லை. முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

இதைத் தெரிந்துகொண்டதும் அடுத்து வரும் யோசனை, "என் மச்சான் சிட்டிசன், அவர் பெயரில் வாங்கிக் கொடுத்துவிடுவார்" என்பது. அது பினாமி வாங்கல். 2022 முதல் தனிக் குற்றம், 15 ஆண்டு வரை சிறை. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஆப்ரம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர், தமக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் தம் மாமாவுக்காக ஒரு கிளாக் பிஸ்டல் வாங்கினார். மாமா 400 டாலர் காசோலை அனுப்பியிருந்தார். மாமாவுக்குத் துப்பாக்கி வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை. பென்சில்வேனியாவில் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக, பின்னணிச் சரிபார்ப்போடுதான் கைமாறியது. ஆனாலும் படிவம் 4473இல் "உண்மையாக வாங்குபவர் நான்தான்" என்று எழுதியது பொய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தண்டனையை உறுதிசெய்தது. உண்மையான அன்பளிப்பு வேறு. உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கி, வேறு மாநிலத்தில் இருக்கும் தம்பிக்குக் கொடுக்கலாம். அதுவும் அவர் ஊர் விற்பனையாளர் வழியாகத்தான் போக வேண்டும்.

இன்னொன்று நம் இனிஷியல். அடையாள அட்டையில் இருப்பதுபோலவே படிவத்தில் பெயர் இருக்க வேண்டும். பெயரில் வெறும் முதலெழுத்து மட்டும் இருந்தால் அதற்குப் பக்கத்தில் 'ஐ.ஓ.' என்றும், நடுப்பெயர் இல்லையென்றால் 'என்.எம்.என்.' என்றும் எழுதச் சொல்கிறது படிவம். அப்பா பெயரை ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் எழுத்தாகவும் போட்டுவிட்டு, சரிபார்ப்பு ஏன் இழுக்கிறது என்று என்னைக் கேட்டுப் பயனில்லை.

பார்சலே வேண்டாம், காரில் கொண்டுபோகிறேன் என்பவர்களுக்கு: புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி என்றால், தோட்டா இல்லாமல், கைக்கு எட்டாதபடி டிரங்கில் வைத்து இடைப்பட்ட மாநிலங்களைக் கடக்கலாம். டிரங்க் இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டி வேண்டும். டாஷ்போர்டு அறை கணக்கில் வராது. வழியில் தங்கல் போடும்போது கவனம். யூட்டாவிலிருந்து நியூஜெர்சியின் நியூவார்க் வழியாகப் பறந்த பயணி ஒருவர் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, பையோடு ஓட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் தாமாகவே துப்பாக்கி இருப்பதைச் சொன்னார், கைதானார். வழக்கு கைவிடப்பட்டது, ஆனால் அவர் தொடுத்த வழக்கில், ஓட்டலில் பை கைக்கு எட்டும்படி இருந்ததால், 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நிற்கவில்லை.

ஊருக்குத் திரும்புகிறவர்கள் சென்னைக்கு அனுப்பலாமா என்று கேட்டால், இங்கேயே விற்றுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். இங்கே ஏற்றுமதி விதி, அங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இறக்குமதி உரிமம் என்று இரு அரசுகளிடம் மல்லுக்கட்ட வேண்டும். அஞ்சலகக் கவுண்டரில் முடிகிற வேலை அல்ல அது.

அனுப்பியது தொலைந்தால்? அனுப்பியவர் விற்பனையாளர் என்றால், தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் ஏ.டி.எஃப்.புக்கும் உள்ளூர் போலீசுக்கும் அவர் அறிவிக்க வேண்டும். நீங்களே அனுப்பியிருந்தால் உடனே போலீசிடம் புகார் கொடுங்கள். அங்கே முதலில் கேட்பது தொடர் எண்ணைத்தான். அதனால் பெட்டியை ஒட்டும் முன் தயாரிப்பு, மாடல், தொடர் எண் மூன்றும் தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, பார்சல் ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.