டொராண்டோவில் சங்குப்பூ: ஒரே கோடைக்குள் பூக்க வைப்பது

நம் ஊர் வேலியில் ஆண்டுக்கணக்கில் படர்ந்து பூக்கும் சங்குப்பூவுக்கு டொராண்டோவில் கிடைப்பது ஒரு கோடைதான். முதல் உறைபனியோடு கொடி கருகிவிடும். அதனால் மார்ச் கடைசியிலேயே வீட்டுக்குள் விதை போட்டாக வேண்டும்.

விதை முளைக்காவிட்டால் அது செத்த விதை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பயறு குடும்பத்துச் செடி இது. விதைத்தோலின் செல்கள் வேலிக்கால் போல நெருங்கி நின்று, தண்ணீரை உள்ளே விடுவதில்லை. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டுத் தானாக வெடிக்கும் அந்தத் தோலை இங்கே நாம்தான் திறந்துவிட வேண்டும். விதை காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு அருகில்தான் முளைவேர் இருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் தேயுங்கள். மேல்நிறம் போய் வெளிறிய புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட்டு, இரவு முழுக்க வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். காலையில் ஊதிப் பருத்தவற்றை விதைக்கலாம். பருக்காதவற்றை மறுபடி தேய்க்க வேண்டும்.

காகிதக் கோப்பையில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் போதும். நடும்போது வேர் கலையக்கூடாது என்பதற்காகத்தான் காகிதம். மண் 22 முதல் 27 டிகிரி வரை இருக்கட்டும்; மார்ச் மாதத்து ஜன்னல் விளிம்பு ஆகாது, குளிர்ந்த மண்ணில் ஊறிய விதை அழுகும்.

வெளியே நட ஜூன் வரை பொறுங்கள். உறைபனி நின்றுவிட்டது என்று மே மாதமே நட்டுக் கெடுப்பவர்கள் பலர். பத்து டிகிரிக்குக் கீழே செல்சவ்வின் கொழுப்பு இறுகி, வேர் நீர் உறிஞ்சுவது குறைந்துவிடும். மண் ஈரமாக இருக்கும், இலையோ வாடும். அதைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றினால் வேரழுகல்தான். இரவு 13 டிகிரிக்குக் குறையாத நாட்கள் வந்த பிறகு, ஒரு வாரம் வெளியே வைத்துப் பழக்கி நடுங்கள்.

தண்டே சுற்றி ஏறும் கொடி. தடித்த கம்பத்தை அதனால் பற்ற முடியாது, சணல் கயிறு கட்டுங்கள். ஆறு மணி நேர வெயில் வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் வேண்டாம்: வேர் முடிச்சுப் பாக்டீரியா நைட்ரஜன் தரும், அதற்கு மேல் கொடுத்தால் இலைதான் பெருகும்.

காய்களைக் கிள்ளினால் பூ தொடரும். ஆகஸ்டில் மட்டும் நாலைந்து காயை விட்டுவைத்து, பழுப்பாகும்போது துணிப்பை கட்டுங்கள். காய்ந்த காய் முறுக்கி வெடித்து விதையைச் சிதறடித்துவிடும்.