கன்ட்ரி ராக்: சொல்லும் பொருளும், கிராம் பார்சன்ஸ் வாழ்க்கை வழியே

கன்ட்ரி ராக் (பெயர்ச்சொல்): 1960களின் பிற்பகுதியில், பெரும்பாலும் கலிபோர்னியாவில் உருவான அமெரிக்கப் பாட்டு வகை. கன்ட்ரி இசையின் பாட்டமைப்பையும் கூட்டுக்குரலையும் ஸ்டீல் கிட்டாரையும் ராக் குழுவின் மின்கிட்டார், டிரம்ஸ், ஒலிப்பதிவு முறை ஆகியவற்றோடு இணைத்தது. தமிழில்: ஊர்ப்புற ராக். 'நாட்டுப்புற ராக்' குழப்பம் தரும். 'நாட்டுப்புறப் பாறை இசை' முழுப் பிழை.

பிழையான பெயரிலிருந்தே தொடங்கலாம். ராக் என்பது இங்கே கல்லும் இல்லை, பாறையும் இல்லை. அசைதல், ஆடுதல் என்ற பொருள்கொண்ட ஆங்கில வினைச்சொல் அது. தொட்டில் ஆடுவதற்கும் படகு தள்ளாடுவதற்கும் அதையே சொல்வார்கள். பாறையைக் குறிக்கும் ராக் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆடுதலைக் குறிக்கும் ராக் பழைய ஆங்கிலத்துக்கே உரியது. ஒலி ஒன்றானாலும் வேர் வேறு. கறுப்பின அமெரிக்கரின் தேவாலயப் பாட்டிலும் பேச்சுவழக்கிலும் பரவசம், நடனம், உடற்கலவி ஆகிய மூன்றுக்கும் வழங்கிய இச்சொல்லை 'ராக் அண்ட் ரோல்' என்று நாடெங்கும் பரப்பியவர், 1950களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து வானொலியில் பணியாற்றிய ஆலன் ஃபிரீட். தமிழ்நாட்டில் ராக் என்றும் இலங்கையில் ரொக், றொக் என்றும் எழுதுகிறோம். எது வழக்கமோ அதை ஒரு கட்டுரைக்குள் மாற்றாமல் எழுதினால் போதும்.

கன்ட்ரி என்ற பாதிதான் கடினமானது. 'எதிரே' என்று பொருள்படும் கான்ட்ரா என்ற லத்தீன் சொல்லிலிருந்து, கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நிலம் என்ற கருத்தில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. தேசம், ஊர்ப்புறம் என்று இரண்டு பொருளும் அதற்கு உண்டு. நம் 'நாடு' என்ற சொல்லுக்கும் அதே இரட்டைப் பொருள் இருப்பதால் 'நாட்டுப்புற இசை' என்ற மொழிபெயர்ப்பு தானாக வந்து விழுகிறது. ஆனால் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. தமிழில் நாட்டுப்புறப் பாடல் என்றால் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு: இயற்றியவர் பெயர் தெரியாமல், வாய்வழியே வழங்குவது. இலங்கையிலும் ஆய்வுலகிலும் நாட்டார் பாடல் என்பார்கள். கன்ட்ரி இசையோ தொடக்கம் முதலே ஆள் பெயரும் உரிமைத்தொகையும் ஒப்பந்தமும் உள்ள தொழில்முறைப் பாட்டு. பழைய மலைப்பாட்டுகளையும், ஆப்பிரிக்க வழிவந்த பான்ஜோவையும், கறுப்பினத்தவரின் புளூஸையும் அது உள்வாங்கியது உண்மைதான். ஆயினும் இசைத்தட்டு நிறுவனமும் வானொலியும் இல்லாமல் அந்தப் பெயரில் ஒரு வகை இருந்திருக்காது.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலும் நடந்திருக்கிறது. 1927 கோடையில் டென்னசி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர், கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ரோட்ஜர்ஸையும் பதிவு செய்தபோது இந்த இசைக்கு 'ஹில்பில்லி' என்று பெயர். மலையோரப் பட்டிக்காட்டான் என்ற ஏளனம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு பில்போர்டு இதழ் தன் விற்பனைப் பட்டியலில் இதை 'ஃபோக்', அதாவது நாட்டார் இசை, என்றே சில ஆண்டுகள் குறித்தது. 1949 ஜூனில்தான் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றியது. கறுப்பின இசைக்கு இட்டிருந்த 'ரேஸ்' என்ற பெயர் 'ரிதம் அண்ட் புளூஸ்' ஆனதும் அப்போதுதான். ஒரே தெற்கின் இசையைத் தோல் நிறம் பார்த்து இரண்டு பட்டியலாகப் பிரித்து வைத்த ஏற்பாடு அது. கன்ட்ரி ராக்கின் நடுநாயகமானவர் அந்தப் பெயரையே வெறுத்ததன் காரணம் இந்தப் பிரிவினையைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும்.

அவர் கிராம் பார்சன்ஸ். இயற்பெயர் இங்கிராம் செசில் கானர். 1946 நவம்பர் 5 அன்று புளோரிடாவின் வின்டர் ஹேவனில் பிறந்து, ஜார்ஜியாவின் வேகிராஸ் ஊரில் வளர்ந்தார். தாய்வழிக் குடும்பம் ஆரஞ்சுத் தோட்டங்களால் பெருஞ்செல்வம் சேர்த்தது. ஆகவே 'ஏழைக் கிராமத்துப் பாடகர்' என்று இவரைப் பற்றி எழுதுவது தவறு. 1956இல் வேகிராஸுக்கு வந்த எல்விஸ் பிரெஸ்லியைப் பத்து வயதுகூட நிரம்பாத சிறுவனாக மேடையில் பார்த்தார். 1958 டிசம்பரில் தந்தை தற்கொலை செய்துகொண்டார். தாய் மறுமணம் செய்த ராபர்ட் பார்சன்ஸ்தான் குடும்பப் பெயரைக் கொடுத்தவர். 1965இல் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் பெற்ற நாளிலேயே தாயும் குடிநோயால் இறந்தார். ஹார்வர்டில் இறையியல் படிக்கப் போய் ஒரே பருவத்தில் வெளியேறினார்.

அங்கே அமைத்த இன்டர்நேஷனல் சப்மரீன் பேண்டு என்ற குழு, லீ ஹேசில்வுட்டின் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த 'சேஃப் அட் ஹோம்' 1968இல் வெளிவந்தது. முழுநீளக் கன்ட்ரி ராக் தொகுப்புகளில் முதல் என்று அதைச் சொல்பவர்கள் பலர். அது கடைக்கு வருமுன்பே அவர் அப்போதே புகழ்பெற்றிருந்த பேர்ட்ஸ் என்ற ராக் குழுவுக்குப் போய்விட்டார். பேர்ட்ஸின் தலைவர் ரோஜர் மெகின் தேடியது விசைப்பலகை வாசிப்பவரை. அமெரிக்க இசையின் முழு வரலாற்றையும் சொல்லும் இரட்டைத் தட்டு ஒன்றை அவர் திட்டமிட்டிருந்தார். பார்சன்ஸும் குழுவின் பேஸ் கலைஞர் கிறிஸ் ஹில்மனும் சேர்ந்து அதைக் கன்ட்ரி பக்கம் இழுத்துவிட்டார்கள். 1968 மார்ச்சில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில், கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியின் மேடையில் நீளமுடி ராக் குழுவாக அவர்கள் ஏறியபோது அவையில் வரவேற்பு இல்லை. கன்ட்ரிப் பாடகர் மெர்ல் ஹாகர்டின் பாடல் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், பாட்டிக்குக் காணிக்கை என்று சொல்லிப் பார்சன்ஸ் தன் சொந்தப் பாடலைப் பாடினார். ஓப்ரிக்காரர்களின் கோபம் அதற்குத்தான்.

ஆகஸ்டு 30 அன்று 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' வெளிவந்தது. முந்தைய ஒப்பந்தத்தைக் காட்டி ஹேசில்வுட் எதிர்த்ததால், சில பாடல்களில் பார்சன்ஸின் முதன்மைக் குரல் நீக்கப்பட்டு மற்றவர்கள் பாடியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பை மட்டும் கேட்டு இவர் குரலை எடைபோட முடியாமல் போவது இதனால்தான். நீக்கப்பட்ட பதிவுகள் பின்னாளைய மறுபதிப்புகளில் கிடைக்கின்றன. பில்போர்டில் 77ஆம் இடத்தைத் தாண்டாத தட்டு அது. ராக் இளைஞர்களுக்கு அது பிற்போக்காகப் பட்டது, கன்ட்ரி வானொலிக்கு ஹிப்பிச் சரக்காகப் பட்டது. அது வெளிவருமுன்பே, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போக மாட்டேன் என்று சொல்லி, சுற்றுப்பயணத்தின் வாசலில் பார்சன்ஸ் குழுவை விட்டு விலகினார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸின் நட்பும் லண்டன் வாழ்க்கையும் அவரை ஈர்த்தன என்பவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம்.

அவருடைய எண்ணம் தெளிவாக ஒலிப்பது அடுத்த குழுவில். ஹில்மனோடு சேர்ந்து தொடங்கிய ஃபிளையிங் புரிட்டோ பிரதர்ஸின் முதல் தொகுப்பு 'த கில்டட் பேலஸ் ஆஃப் சின்' 1969 பிப்ரவரியில் வந்தது. விற்பனைப் பட்டியலில் 164. டான் பென், சிப்ஸ் மோமன் இருவரும் எழுதி, கறுப்பினக் குரல்களால் புகழ்பெற்ற இரண்டு சோல் (கறுப்பின அமெரிக்கரின் உணர்ச்சிப் பாட்டு வகை) பாடல்களை எடுத்து, ஸ்டீல் கிட்டாரும் கூட்டுக்குரலும் வைத்துக் கன்ட்ரியாகவே பாடிக் காட்டினார்கள். 1949இல் பிரிக்கப்பட்ட இரண்டு பட்டியல்களும் ஒரே ஊற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்த இசைக்குப் பார்சன்ஸ் வைத்த பெயர் 'காஸ்மிக் அமெரிக்கன் மியூசிக்'. தமிழில் அண்டம் தழுவிய அமெரிக்க இசை எனலாம். கன்ட்ரி ராக் என்ற பெயர் இரண்டு பொருள்களை ஒட்டவைத்ததுபோல் ஒலிக்கிறது. அவர் கேட்டதோ சோல், காஸ்பல் எனும் தேவாலயப் பாட்டு, கன்ட்ரி, ராக் எல்லாம் பிரியாமல் கிடந்த பழைய நிலையை.

இங்கே ஒலியைப் பற்றிச் சற்று நுணுக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டைக் கன்ட்ரி என்று காதுக்கு முதலில் காட்டிக்கொடுப்பது பெடல் ஸ்டீல் கிட்டார். மேசைபோல் நான்கு கால்களில் நிற்கும். இன்றைய வழக்கமான கருவிக்குப் பத்துத் தந்திகள், ஈ9 என்ற சுருதியமைப்பு. வலக்கை மீட்டும், இடக்கை எஃகு உருளையை நகர்த்தும், இடக்கால் மிதிகளை அழுத்தும், முழங்கால்கள் நெம்புகோல்களைத் தள்ளும், வலக்கால் ஒலியளவு மிதியில் இருக்கும். முதல் மிதி பி தந்திகளை ஒரு முழுச்சுரம் உயர்த்திச் சி ஷார்ப் ஆக்கும். இரண்டாம் மிதி ஜி ஷார்ப் தந்திகளை அரைச்சுரம் உயர்த்தி ஏ ஆக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் உருளை நகராமலே ஈ மேஜர் கார்டு, ஏ மேஜராக வழுக்கிச் செல்லும். ஒரு சுரம் அப்படியே நிற்க, மற்றது மட்டும் ஏறுவதால்தான் அந்த விம்மல் பிறக்கிறது.

புதிதாகக் கற்பவர்கள் தவறுவது மூன்று இடங்களில். உருளையைச் சாதாரண கிட்டார் பழக்கத்தில் ஃபிரெட் கோட்டுக்கு (சுர இடத்தைக் காட்டும் குறுக்குக் கோடு) பின்னால் வைப்பார்கள், சுருதி இறங்கிவிடும். கோட்டுக்கு நேர்மேலே வைக்க வேண்டும். ஒலியளவு மிதியை முழுவதும் அழுத்தியே மீட்டுவார்கள். பாதிக்கும் குறைவாக அழுத்தி மீட்டி, ஒலி தேயத்தேய மிதியை மேலும் அழுத்தினால்தான் சுரம் நீளும். மின்னணுச் சுருதிமானி காட்டும் இடத்திலேயே எல்லாத் தந்திகளையும் நிறுத்துவார்கள், அப்போது கார்டு அலையடிக்கும். தேர்ந்தவர்கள் பலர் ஜி ஷார்ப் தந்திகளைச் சுமார் 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) வரை இறக்கி வைக்கிறார்கள். நம் அந்தர காந்தாரத்துக்குச் சொல்லப்படும் 5/4 விகிதம் அதுவே.

புரிட்டோ குழுவில் இக்கருவியை வாசித்த ஸ்னீக்கி பீட் கிளைனோ, திரைப்படங்களுக்குப் பொம்மை அசைவு அமைக்கும் தொழிலிலும் இருந்தவர். ஸ்டீல் ஒலியை ஃபஸ் பெட்டி வழியே அனுப்பிக் கரகரக்க வைத்தார். நாஷ்வில்லில் அன்று யாரும் அப்படி வாசிக்கவில்லை. கன்ட்ரி ராக் என்ற பெயரில் ராக்கின் பங்கு எது என்று கேட்டால், டிரம்ஸின் வேகத்தைவிட இந்தக் கரகரப்பையே சுட்டலாம். பார்சன்ஸின் பேர்பெற்ற பாடல்களில் பல, மூன்றெண்ணிக்கை வால்ட்ஸ் தாளத்தில் மெல்ல நகர்பவை. ஆகவே ராக்குக்கு 'அதிரிசை' என்று ஒரு தமிழ்ச்சொல்லைப் பொதுவில் ஏற்றாலும் இவருக்குப் பொருந்தாது.

1970இல் இரண்டாம் தொகுப்புக்குப் பின் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். குடியும் ஹெராயினும் வேலையைக் கெடுத்திருந்தன. 1971இல் வாஷிங்டனில் சிறு அரங்குகளில் பாடிக்கொண்டிருந்த எமிலூ ஹாரிஸைக் கண்டடைந்தது அவருடைய கடைசிக் காலத்தின் பெரும்பேறு. 'ஜிபி' (1973 ஜனவரி), 'கிரீவஸ் ஏஞ்சல்' (1974 ஜனவரி) ஆகிய இரண்டு தனித் தொகுப்புகளிலும் எல்விஸின் கலைஞர்களான ஜேம்ஸ் பர்ட்டன், கிளென் ஹார்டின், ரோனி டட் வாசித்தார்கள். பார்சன்ஸின் தளும்பும் குரலுக்கு மேலே ஹாரிஸின் குரல் நேர்கோடாக நிற்கும். இந்த வகையில் அதற்கு ஈடான கூட்டுக்குரல் அரிது. இரண்டாவது தொகுப்பை அவர் பார்க்கவில்லை. 1973 செப்டம்பர் 19 அன்று கலிபோர்னியப் பாலைவனத்து ஜோஷுவா ட்ரீ விடுதியின் 8ஆம் அறையில், மார்ஃபினும் மதுவும் சேர்ந்து 26 வயதில் இறந்தார். உடல் லூசியானாவுக்கு அனுப்பப்படவிருந்தபோது, மேலாளர் ஃபில் காஃப்மன் நண்பர் ஒருவருடன் அதை லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்திலிருந்து கடத்திப் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் எரித்தார். முன்பு ஒரு சாவுச் சடங்கில் இருவரும் பேசிக்கொண்ட வாக்கு அது. தண்டனை, சவப்பெட்டியைத் திருடியதற்கு அபராதம். எஞ்சியது லூசியானாவின் மெட்டேரியில் அடக்கம் செய்யப்பட்டது. இவரைப் பற்றிய தமிழ்க் குறிப்புகள் இந்தக் கதையில் தொடங்கி அதிலேயே முடிவது வருத்தத்துக்குரியது.

இனி, இவரைத் தமிழில் எப்படி அழைப்பது? 'சிங்கர் சாங்ரைட்டர்' என்பதற்குப் 'பாடகர், பாடலாசிரியர்' என்று எழுதுகிறோம். திரைப்பட வழக்கில் பாடலாசிரியர் வரிகளை மட்டும் எழுதுபவர்; மெட்டு இசையமைப்பாளருடையது. ஆங்கிலச் சொல்லோ இரண்டையும் செய்பவரைக் குறிக்கிறது. இதற்கு நம் இசைமரபில் வாக்கேயக்காரர் என்ற சரியான சொல் உண்டு. வாக்கு வரி, கேயம் பாட்டு. பாபநாசம் சிவனுக்கு அது பொருந்துகிறது. ஆனால் கர்நாடக இசை மணம் கூடுதலாக வீசுவதால் 'பாட்டியற்றிப் பாடுபவர்' என்பதே இங்கே பொருத்தம்.

கன்ட்ரி ராக்குக்கு ஊரக ராக் என்று சிலர் எழுதக்கூடும். ஊரகம் அரசு நிர்வாகச் சொல்லாகிவிட்டது. 'நாட்டு ராக்' என்றால் நாட்டுக்கோழி, நாட்டுமருந்து போல உள்நாட்டுச் சரக்கு என்ற பொருள் வந்துவிடும். ஊர்ப்புற ராக் என்பது இடத்தைச் சுட்டுகிறது, நாட்டார் பாடலோடு மோதவில்லை. முதல் இடத்தில் 'கன்ட்ரி ராக் எனும் ஊர்ப்புற ராக்' என்று எழுதிவிட்டுப் பிறகு ஒன்றை மட்டும் தொடரலாம்.

அடுத்து நிற்கும் சொற்களையும் பிரித்தறிய வேண்டும். ராக்கபில்லி 1950களின் மெம்பிஸுக்கு உரியது. ராக், ஹில்பில்லி என்ற இரண்டின் கூட்டு. ஸ்டீல் கிட்டாரைவிட, அறைந்து மீட்டும் பெரிய பேஸ் அதன் அடையாளம். ஈகிள்ஸ் குழு 1972 முதல் விற்றுக் குவித்தது கன்ட்ரி ராக்கின் மெருகேற்றிய வடிவம். புரிட்டோவிலிருந்த பெர்னி லெடன் அதன் தொடக்க உறுப்பினர். 1990க்குப் பின் வந்த ஆல்ட் கன்ட்ரி, அதாவது மாற்றுக் கன்ட்ரி, பார்சன்ஸை மூதாதையாகக் கொண்டாடியது. அமெரிக்க வேர்மரபு இசைகளை ஒன்றாகச் சுட்டும் அமெரிக்கானா என்ற குடைச்சொல்லுக்கு 2010 முதல் தனிக் கிராமி விருதே இருக்கிறது. அதை மொழிபெயர்க்காமல் விடுவது நல்லது. பேர்ட்ஸில் பின்னர் டிரம்ஸ் வாசித்த ஜீன் பார்சன்ஸ், கிராமுக்கு உறவினர் அல்லர். பேர்ட்ஸின் கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் ஒயிட்டோடு சேர்ந்து, கிட்டாரின் தோள்வாரை இழுத்தால் பி தந்தி ஒரு முழுச்சுரம் உயரும் கருவியைச் செய்தவர் ஜீன். அதைக் கிராமின் பெயரில் எழுதிவிடும் பிழை அடிக்கடி நேர்கிறது.