பின் எஞ்சின் ஓடுகிறதா? ஓ-2 ஸ்கைமாஸ்டர் பக்கம் போகிறவர்கள் கவனத்துக்கு

இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின் உள்ள விமானத்தில் ஒன்று நின்றுபோனால் விமானமே சொல்லிவிடும். நின்ற எஞ்சின் பக்கமாக மூக்கு இழுக்கும். அதை நேராகப் பிடிக்க விமானி எதிர்ப்பக்க ரட்டர் (வால் சுக்கான்) மிதியை அழுத்துவார். எந்தக் கால் வேலையில்லாமல் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது. இரட்டை எஞ்சின் பயிற்சிக்குப் போகிற எவருக்கும் ஆரம்பத்திலேயே மண்டையில் ஏற்றப்படும் பாடம் இது.

செஸ்னா ஓ-2வில் இந்தப் பாடம் செல்லாது. இதன் இரண்டு எஞ்சின்களும் ஒரே நேர்கோட்டில், ஒன்று மூக்கில் இருந்து இழுக்க, மற்றது ஆட்கள் உட்காரும் அறைக்குப் பின்னால் இருந்து தள்ளுகிறது. எது நின்றாலும் விமானம் நேராகவே போகும். இழுப்பு இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் அந்த இழுப்புதான் அபாய மணியாகவும் இருந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இந்த விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. செஸ்னா 337 சூப்பர் ஸ்கைமாஸ்டர் என்ற சிவில் விமானத்தை வியட்நாம் போருக்காக அமெரிக்க விமானப்படை எடுத்துக்கொண்டதுதான் ஓ-2. ஒற்றை எஞ்சின் ஓ-1 பேர்ட் டாக் விமானங்கள் போதவில்லை. ஓவி-10 பிரான்கோ வந்து சேரத் தாமதமானது. இடையில் உடனே கிடைக்கிற ஒன்றாக 1966 கடைசியில் இதற்கு ஆர்டர் போனது. 1967-இல் பறக்கத் தொடங்கி, 1970-க்குள் 532 விமானங்கள் கொடுக்கப்பட்டன. இதில் ஓ-2ஏ வேவு பார்த்து இலக்கைக் காட்டும். தாழப் பறந்து, காட்டுக்குள் இலக்கைக் கண்டுபிடித்து, வெள்ளைப் புகை கக்கும் 2.75 அங்குல ராக்கெட்டை அங்கே விட்டு, மேலே சுற்றும் ஜெட்களுக்கு ரேடியோவில் வழி சொல்வது அதன் வேலை. ஓ-2பி ஒலிபெருக்கியும் துண்டுப்பிரசுரமுமாக உளவியல் போருக்குப் போனது. அந்த வகையில் 31 மட்டுமே.

எஞ்சின் இரண்டும் கான்டினென்டல் ஐஓ-360. ஆறு சிலிண்டர், நிமிடத்துக்கு 2,800 சுற்றில் 210 குதிரைத்திறன். முன் எஞ்சினுக்கு எரிபொருள் இடது இறக்கையிலிருந்தும், பின் எஞ்சினுக்கு வலது இறக்கையிலிருந்தும் வருகிறது. ஆகவே வலது டாங்க் வற்றினால் நிற்பது பின்னால் இருப்பது. அதாவது விமானியின் கண்ணில் படாதது.

இனி முக்கியமான விஷயம். ஸ்கைமாஸ்டர் வகையில் திரும்பத் திரும்ப நடந்த விபத்து ஒன்று உண்டு. தரையில் ஊர்ந்து போகும்போதோ (டாக்சி), ரன்வே முனையில் காத்திருக்கும்போதோ பின் எஞ்சின் நின்றுவிடும். முன் எஞ்சின் சத்தத்தில் அது காதில் விழாது. விமானி இரண்டு த்ராட்டிலையும் (எஞ்சின் சக்தியைக் கூட்டும் நெம்புகோல்) முன்னே தள்ளுவார். விமானம் நேராக ஓடும், வேகம் மட்டும் மந்தமாக ஏறும். பாதி ரன்வே தாண்டிய பிறகு சந்தேகம் வரும். அதற்குள் மரங்கள் நெருங்கிவிடும். 1977-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவு போட்டு, ஒற்றை எஞ்சினில் புறப்படக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகையைக் காக்பிட்டில் ஒட்டவே வைத்தது. இரட்டை எஞ்சின் விமானத்தில் இப்படி ஒரு பலகை தேவைப்பட்டது என்பதே போதும், நிலைமை புரிய.

அதனால்தான் அனுபவசாலிகள் புறப்படும்போது பின் எஞ்சினை முதலில் எழுப்புவார்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின் த்ராட்டிலைப் பாதிக்கு மேல் தள்ள வேண்டும். சுற்று ஏறுகிறதா, எரிபொருள் ஓட்டம் ஏறுகிறதா, எண்ணெய் அழுத்தம் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன் த்ராட்டிலில் கை வைக்க வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு முறை கண் இரண்டு எரிபொருள் ஓட்டக் காட்டிகளுக்கும் போய் வர வேண்டும். சுற்றுக்காட்டியை மட்டும் நம்பக் கூடாது. பறக்கும்போது எஞ்சின் செத்தாலும் காற்று புரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். சுற்று கிட்டத்தட்டச் சரியாகவே காட்டும், மேனிஃபோல்ட் அழுத்தமும் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) ஏமாற்றும். எரிபொருள் ஓட்டமும் புகைபோக்கி வெப்பமும்தான் பொய் சொல்லாதவை.

பின் எஞ்சின் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது? முதல் காரணம் சூடு. முன் எஞ்சினுக்குப் புரொப்பெல்லர் அடிக்கும் காற்று நேராக முகத்தில் வந்து விழுகிறது. பின்னதற்கு உடலின் மேலே உள்ள காற்றுவாய் வழியாக வந்து, சிலிண்டர்களின் இடுக்கில் இறங்கித்தான் வெளியே போக வேண்டும். தரையில் நின்றால் அந்த வாய்க்குள் தள்ளிவிட எதிர்காற்று கிடையாது. பத்து நிமிடம் வெயிலில் காத்திருந்தால் எஞ்சின் அறை கொதிக்கும். எரிபொருள் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் கட்டி ஓட்டத்தை அறுக்கும். எஞ்சின் ஐட்லில் (குறைந்த சுற்றில்) தடுமாறி நின்றுவிடும். காத்திருக்க நேர்ந்தால் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்துவதும், கௌல் ஃப்ளாப்களை (எஞ்சின் சூட்டை வெளியே விடும் மடிப்புகள்) முழுதாகத் திறந்தே வைப்பதும் சும்மா சம்பிரதாயம் அல்ல.

இங்கே பராமரிப்புக்காரர்கள் அலட்சியப்படுத்தும் ஒரு பொருள் இருக்கிறது: எஞ்சினைச் சுற்றியுள்ள தடுப்புத் தகடுகளின் ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டை. வந்த காற்று சிலிண்டர் இடுக்கில் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடாதபடி அடைத்துப் பிடிப்பது அதுதான். புதிதாக இருக்கும்போது வளைந்து கௌலிங் எனும் எஞ்சின் மூடியோடு ஒட்டி நிற்கும். வருடக்கணக்கில் வெந்து வெந்து அட்டை மாதிரி விறைத்து, ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டுவிடும். மூடியின் உள்பக்கம் பாருங்கள்: ரப்பர் தேய்ந்த கறுப்புக் கோடு தொடர்ச்சியாக இருந்தால் அடைப்பு சரி, அங்கங்கே அறுந்திருந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. பட்டை மாற்ற ஆகும் செலவு, வெடித்த ஒரு சிலிண்டருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, கல். மூன்று சக்கரங்களும் பின் புரொப்பெல்லருக்கு முன்னால் இருக்கின்றன. சக்கரம் கிளப்பும் சரளை எல்லாம் பின்னால்தான் போகும். கழன்ற ஒரு திருகு, சரியாகப் பூட்டாத எண்ணெய் மூடி, எதுவானாலும் போய்ச் சேரும் இடம் அதுவே. இதன் இலையில் முன்விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் சின்னச் சின்னக் காயங்கள் தட்டுப்படும். நகம் மாட்டுகிற ஒவ்வொரு காயமும் விரிசலுக்கு வித்து. கையேடு சொல்லும் அளவுக்குள் இருந்தால் இலையின் நீளவாக்கில் அரம் போட்டு, மேடு பள்ளம் தெரியாமல் வழித்துவிட வேண்டும். தாண்டினால் கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். முன் புரொப்பெல்லரும் பின் புரொப்பெல்லரும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மாற்றிப் போட முடியாது. ஒன்று இழுக்கிற வகை, மற்றது தள்ளுகிற வகை.

காற்றில் ஒரு எஞ்சின் போனால் எது போனது என்பதும் கணக்கு. பின் எஞ்சினை மட்டும் வைத்து ஏறும் வேகம், முன் எஞ்சினை மட்டும் வைத்து ஏறுவதைவிடக் கொஞ்சம் கூடுதல். முன் புரொப்பெல்லர் தள்ளும் காற்று விமானத்தின் உடம்பிலேயே மோதி வீணாவதுதான் காரணம். ஆக, அடிக்கடி தொல்லை தருகிற எஞ்சின்தான் உதவிகரமான எஞ்சினும்! லேண்டிங் கியர் விஷயத்தில் இன்னொரு பொறி உண்டு. சக்கரத்தை மடக்கப் பொத்தானைத் தட்டியதும் அது உடனே உள்ளே போவதில்லை. முதலில் பெரிய கதவுகள் திறக்கும், கால்கள் காற்றில் குறுக்காகச் சுழன்று பின்னால் போகும். அந்தச் சில நொடிகள் இழுவை குறைவதற்குப் பதில் கூடும். ஒரு எஞ்சினில் தத்தளிக்கும்போது மடக்கப் போய், இருந்த ஏற்றத்தையும் இழந்தவர்கள் உண்டு. தடைகளைத் தாண்டும் வரை காலைத் தொடாதே என்பதே விதி. சிலர் கதவுகளையே எடுத்துவிடுகிறார்கள். அதற்கு அனுமதி பெற்ற மாற்றுத் திட்டமும் இருக்கிறது.

போர்க்களத்து ஓ-2வின் நிலைமை இதைவிட மோசம். ரேடியோப் பெட்டிகள், ராக்கெட் கூடுகள், முழு எரிபொருள், போதாக்குறைக்கு இந்தோசீனாவின் வெயில். ஒரு எஞ்சின் போனால் உயரத்தைக் காப்பாற்றுவதே சந்தேகம். இறக்கையடிச் சுமைகளை உடனே உதிர்த்தாக வேண்டும். கதவு வலது பக்கம் மட்டும்தான். விமானி உட்காருவது இடது பக்கம். பாராசூட்டோடு வெளியே குதிக்க வேண்டுமென்றால் பக்கத்து இருக்கையைத் தாண்ட வேண்டும், பின்னால் சுழலும் புரொப்பெல்லரையும் நினைக்க வேண்டும். எல்லாக் காரணங்களையும் சேர்த்து வியட்நாம் போரில் அமெரிக்கா இழந்த ஓ-2க்கள் 178.

மிச்சமிருப்பவற்றில் கணிசமானவை இன்று அமெரிக்காவில். ஓஹியோவின் டேட்டன் நகரருகே அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகத்தில் கூரைக்குக் கீழே ஒரு ஓ-2ஏ இருக்கிறது. அபூர்வமான ஓ-2பி ஒன்றைக் கலிஃபோர்னியாவின் மார்ச் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். போருக்குப் பின் கலிஃபோர்னியா வனத்துறை 20 விமானங்களை வாங்கி, 1976 முதல் காட்டுத்தீயின் மேலே சுற்றித் தண்ணீர் விமானங்களுக்கு வழிகாட்டப் பயன்படுத்தியது. வேலை அதேதான், புகையை யார் கிளப்பினார்கள் என்பதில்தான் வித்தியாசம். 1990-களில் அந்த இடத்துக்கும் பிரான்கோ வந்துவிட்டது. எல் சால்வடோர், ஈரான் போன்ற நாடுகளுக்கும் ஓ-2 போனது. இலங்கை விமானப்படையும் ஒரு காலத்தில் செஸ்னா 337 வைத்திருந்தது.

தனியார் கையில் உள்ளவற்றை வாங்கப் போகிறவர்கள் சாம்பல் நிறப் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சிவில் 337-க்குச் சாம்பல் அடித்து, எண் எழுதி, போர் விமானம் என்று நிறுத்துவது எளிது. உண்மையான ஓ-2ஏ என்றால் வலது கதவின் கீழ்ப்பாதியிலும் கண்ணாடி இருக்கும். இடது இருக்கையில் இருப்பவர் வலப்பக்கத் தரையைப் பார்க்க அது வெட்டப்பட்டது. இறக்கைக்கு இரண்டாக நான்கு சுமைதாங்கிகளோ, அவை இருந்த தடமோ தெரியும். கடைசி வார்த்தை உற்பத்தித் தகட்டுக்குத்தான்: ஓ-2ஏ-யின் தொழிற்சாலை எண்ணில் 337-க்குப் பின்னால் எம் என்ற எழுத்து வரும், சான்றிதழில் எம்337பி என்ற பெயர் இருக்கும். ஓ-2பி கதை வேறு. அவை சிவில் விமானங்களாகப் பிறந்து படையில் சேர்ந்தவை என்பதால் தகட்டில் எம் இருக்காது. படை எண் 67-21440 முதல் 67-21470 வரைக்குள் விழ வேண்டும்.

வெளியில் நிற்கும் விமானங்களைக் கெடுப்பது அந்தக் கூடுதல் கண்ணாடிகளே. ஓரத்துச் சீலன்ட் காய்ந்தால் மழைநீர் கதவுக்குள்ளும் தரைத்தகட்டின் அடியிலும் இறங்கித் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். வருடத்துக்கு ஒரு முறையாவது தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள், வடிதுளைகளில் கம்பி விட்டு அடைப்பெடுங்கள். வால் தாங்கும் இரண்டு குழல்களுக்குள் பறவைக்கூடு இருந்தால் ஈரமும் கூடவே இருக்கும். கண்ணாடியை வீட்டு ஜன்னல் கிளீனர் போட்டுத் துடைக்காதீர்கள். அது கண்ணாடி அல்ல, அக்ரிலிக். அமோனியா பட்டால் நூல் நூலாக வெடித்து மங்கிவிடும். நிறையத் தண்ணீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி போதும்.

ஓடும் நிலையில் உள்ள விமானத்தைக் காட்சிக்கு நிறுத்தும்போது பின் புரொப்பெல்லருக்கு அருகே யாரையும் விடக் கூடாது. போட்டோ எடுக்க வருகிறவர்கள் வால் குழல்களுக்கு இடையில் போய் நின்று இலையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார்கள். மேக்னெட்டோவின் (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) எர்த் ஒயர் ஒன்று அறுந்திருந்தால், சாவி அணைத்திருந்தாலும் சூடான எஞ்சின் ஒரு முறை உதைக்கும். இரண்டு குழல்களுக்கும் குறுக்கே கயிறு கட்டிவிடுங்கள். பயணிகளை இறக்கும்போது, முன் புரொப்பெல்லர் நின்றதைப் பார்த்துக் கதவைத் திறக்காமல், பின்னதும் நின்றுவிட்டது என்று வெளியில் நிற்பவர் கை காட்டிய பிறகு திறவுங்கள்.