கோஸ்டா ரிக்கா: பத்து நாளில் ஆறு விடுதி வேண்டாம்

கோவையிலிருந்து ஒரு குடும்பம் என் பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்கு வந்திருந்தது. தொழிலதிபர், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், பள்ளி இறுதியாண்டு மகள், 71 வயதுப் பாட்டி. மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிக்காவில் பத்து இரவுகள். விடுதிகளை அவர்களே தேர்ந்தெடுத்து, ஒரு பெரிய தாளில் வண்ணப் பேனாவால் வழியை வரைந்துகொண்டு வந்திருந்தார்கள். ஆறு ஊர், ஆறு விடுதி. எல்லாமே உச்ச விலை. “பணத்தைப் பற்றி யோசிக்காதீர்கள் சார். அம்மாவுக்குச் சிரமம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்” என்றார் அவர்.

தாளில் அரேனல் எரிமலைக்கும் மோன்டேவெர்டே மேகக்காட்டுக்கும் நடுவே நேராக ஒரு பச்சைக்கோடு. அளந்தால் முப்பது கிலோமீட்டர்கூட வராது. ஆனால் அந்தக் கோட்டின் மேல் சாலை கிடையாது. நடுவில் அரேனல் ஏரி கிடக்கிறது. ஏரியைச் சுற்றிக்கொண்டு, பிறகு வளைந்து வளைந்து மலை ஏறினால் மூன்றரை மணி நேரம். படகில் ஏரியைக் கடந்து இரு கரையிலும் வேன் பிடித்தாலும் அறையைக் காலி செய்வது, பெட்டி ஏற்றுவது, காத்திருப்பது என்று பாதி நாள் போய்விடும். இப்படி ஐந்து இடமாற்றங்கள். பாட்டி பத்து நாளில் காட்டைவிட வேனின் ஜன்னலைத்தான் அதிகம் பார்த்திருப்பார்.

கோஸ்டா ரிக்கா சின்ன நாடு. 51,100 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. அந்தச் சிறுமைதான் ஆளை ஏமாற்றுகிறது. நாட்டின் முதுகெலும்பாக மலைத்தொடர் ஓடுகிறது, இருபுறமும் கடல். வரைபடத்தில் விரற்கடை தூரம், தரையில் ஒரு காலைப்பொழுது. மாலை ஆறரை மணிக்கெல்லாம் எந்த மாதமானாலும் இருட்டிவிடும். மலைச்சாலையில் இருட்டிய பிறகு வண்டி ஓட்டும்படி நான் யாருக்கும் திட்டம் போட்டுக் கொடுப்பதில்லை.

இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருந்து நான் கண்டது இதுதான்: வெப்பமண்டலக் காட்டுக்குப் போகிறவர்கள் பணத்தை அறைக்குக் கொட்டுகிறார்கள், நாட்களுக்கும் வழிகாட்டிக்கும் சிக்கனம் பிடிக்கிறார்கள். அதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். ஒரே இடத்தில் மூன்று இரவு தங்கினால் ஒரு நாள் மழை கெடுத்தாலும் மறுநாள் மிச்சமிருக்கும். ஓர் இரவு மட்டும் தங்கினால், எத்தனை விலையுயர்ந்த மாடமாக இருந்தாலும், மேகம் மூடிய மலையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

அரேனலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1968 ஜூலையில் வெடித்து உயிர்களைப் பலிகொண்ட எரிமலை அது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குமுறிக்கொண்டிருந்து 2010இல் அடங்கிவிட்டது. இன்றும் என்னிடம் ‘இரவில் நெருப்புக் குழம்பு தெரிகிற அறை’ கேட்டு வருகிறார்கள். குழம்பு இல்லை. பல நாட்கள் மலையே தெரியாது. வெந்நீர் ஊற்றுகள் உண்டு, அழகான காடு உண்டு, அதற்காகப் போங்கள்.

அடுத்தது மழை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை உலர்காலம் என்று எங்கும் படிக்கலாம். அது பசிபிக் பக்கத்துக் கணக்கு. கரீபியன் பக்கத்துக்கு வேறு கணக்கு. செப்டம்பர், அக்டோபரில் பசிபிக் கரையில் கொட்டித் தீர்க்கும்போது கரீபியன் கரையில் வெயில் அடிக்கும். கரீபியன் கரையிலுள்ள டோர்டுகேரோவில் பச்சை ஆமைகள் முட்டையிட ஏறுவது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. ஆக, ஆமை பார்க்க ஒரு பருவம், பசிபிக் காட்டில் நடக்க வேறொரு பருவம். ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்த்து விற்பவரிடம் ‘எந்த மாதத்தில்?’ என்று முதலில் கேளுங்கள்.

ஒரு நவம்பர் மாதம் நான்கு பேரை டோர்டுகேரோவுக்கு அழைத்துப் போனேன். அங்கே சாலை கிடையாது. படகு அல்லது சிறு விமானம்தான். தலைநகர் சான் ஹோசேயிலிருந்து கரீபியன் பக்கம் இறங்கும் 32ஆம் எண் நெடுஞ்சாலை ப்ராவுலியோ கரீயோ தேசியப் பூங்காவின் மலைச்சரிவு வழியாகப் போகிறது. மழைக்காலத்தில் அங்கே மண்சரிவு சகஜம். அன்று காலை எங்கள் முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி, லாரி நிழலில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் அவசரமே இல்லாததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, சாலை இன்றைக்குத் திறக்காது என்று. திரும்பி வேறு வழியில் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் கடைசிப் படகு போய்விட்டது. முன்பணம் முழுதும் கட்டியிருந்த விடுதி ஒரு காசு திருப்பித் தரவில்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது; நான்தான் கூர்ந்து படித்திருக்க வேண்டும். அன்றுமுதல் சாலை அடைபட்டால் தேதியை மாற்றித் தருவோம் என்று எழுத்தில் தராத இடத்தில் நான் அறை பதிவதில்லை. நீங்களும் கேளுங்கள். நல்ல விடுதிகள் தயங்காமல் எழுதித் தரும்.

இப்போது கடல். இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

பசிபிக் கரையில் ஒரு விடுதியின் முன்னால் உள்ள கடற்கரை. பனைநிழல், வெள்ளைத் துண்டுகள், இளநீர். அலை இடமும் வலமும் நுரைத்து உடைகிறது. நடுவில் மட்டும் ஒரு பத்தடி அகலத்துக்கு நுரையே இல்லை, நீர் சற்றுக் கலங்கலாக, அமைதியாக இருக்கிறது. நீச்சல் தெரியாத நம்மவர்கள் சரியாக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து இறங்குவார்கள். அங்கேதான் அலை இல்லையே! அலை இல்லாததற்குக் காரணம், கரைக்கு வந்த நீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பி ஓடுகிறது. என்னுடன் வந்த ஓர் இளைஞர் இடுப்பளவு நீரில்தான் நின்றார். திரும்பிப் பார்த்தபோது கழுத்தளவில் இருந்தார். அடுத்த நொடி கைகள் மட்டும். சர்ஃப் பலகையோடு அந்தப் பக்கமாக வந்த ஓர் உள்ளூர்ப் பையன் அவரைப் பலகையில் ஏற்றி, கரைக்கு இணையாக வெகுதூரம் துடுப்புப் போட்டுப் போய், பிறகு அலையோடு கரைக்குக் கொண்டுவந்தான். அந்தக் கரையில் உயிர்காப்பாளர் யாரும் இல்லை. அந்நாட்டின் பெரும்பாலான கடற்கரைகளில் இல்லை. சென்னை மெரினாவில் ஆட்களைக் கொண்டுபோவதும் இதே இழுப்புதான்.

இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். களைத்துப்போய் மூழ்குவது அப்படித்தான். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். நீச்சல் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். விடுதியில் நீச்சல்குளம் எதற்கு இருக்கிறது?

வழிகாட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஓசா தீபகற்பத்தில் உள்ள கோர்கோவாடோ தேசியப் பூங்காவுக்குள் 2014 முதல் சான்று பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரையும் விடுவதில்லை. மற்ற பெரும்பாலான இடங்களில் கட்டாயமில்லை என்பதால் பலர் அந்தச் செலவை வெட்டிவிடுகிறார்கள். தவறு. நாட்டின் சுற்றுலா நிறுவனம் வழங்கும் அடையாள அட்டையை வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். தவறாக நினைக்க மாட்டார்கள். இலைக் குவியலில் இலையாகவே கிடக்கும் தெர்சியோபெலோ விரியன் நம் கண்ணுக்குத் தெரியாது; அவர் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பாம்புக்கான விஷமுறிவு மருந்தை அந்நாட்டின் க்ளோதோமீரோ பிகாதோ நிறுவனமே தயாரிக்கிறது, மருத்துவமனைகளில் கிடைக்கும். ஆனால் கோர்கோவாடோவின் உட்பகுதியிலிருந்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டுமே! அதனால்தான் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடச் சொல்கிறார்கள். அழகில்லை என்று கழற்றாதீர்கள். அதேபோல, தேவாங்கு மாதிரி மெதுவாக அசையும் ஸ்லாத்தை மடியில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று அழைக்கும் இடத்துக்கு ஒருநாளும் போகாதீர்கள். காட்டிலிருந்து பிடித்து வந்து ஆளுக்கு ஆள் கைமாற்றினால் அந்த உயிர் தாங்காது.

ஜிப்லைன், படகு சாகசம் செய்பவர்கள் காப்பீட்டுப் பத்திரத்தில் விலக்குகள் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். நம்மூரில் விற்கும் பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுக்குப் பாதுகாப்பு இல்லை. தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். பாக்குவாரே ஆற்றில் தோள்மூட்டு விலகிய ஒருவருக்காகத் தனியார் மருத்துவமனை வாசலில் நின்று, என் கடன் அட்டையில் முன்பணம் கட்டியிருக்கிறேன். ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் மறைக்காமல் பத்திரத்தில் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் பணம் வராது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே ‘கார்னே’ என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி என்றே கொள்வார்கள். ‘சின் கார்னே’ என்று மட்டும் சொன்னால் கோழி வரலாம். கோழி வேண்டாம் என்பதற்கு ‘சின் போயோ’, பன்றி வேண்டாம் என்பதற்கு ‘சின் செர்தோ’ என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சோறும் கறுப்பு அவரையும் சேர்ந்த கய்யோ பிந்தோ காலையில் எங்கும் கிடைக்கும். நம் வாய்க்கு ஒத்துக்கொள்ளும்.

கோவைக் குடும்பத்துக்கு வேறோர் ஆசையும் இருந்தது. முதலில் பெருவுக்குப் போய் மச்சு பிச்சு பார்த்துவிட்டுக் கோஸ்டா ரிக்கா வருவது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி என்ற பேச்சே அவர்கள் காதில் விழுந்திருக்கவில்லை. பெருவிலிருந்து வருபவரிடம் கோஸ்டா ரிக்கா அந்தச் சான்றைக் கேட்கும். பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது ஊசி போட்டிருக்க வேண்டும். பெரு போன்ற நாட்டிலிருந்து ஆறு நாட்களுக்குள் இந்தியா திரும்பினால் நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிறுவனத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு அதிகம். மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். நானோ நீங்களோ முடிவு செய்யக் கூடாது.

மருத்துவர் பாட்டிக்கு வேண்டாம் என்றார். பெருவைக் கைவிட்டார்கள். விடுதிகள் ஆறிலிருந்து மூன்றாயின. மிஞ்சிய நான்கு இரவுகளை சான் ஹெரார்டோ டி டோட்டாவுக்குக் கொடுத்தோம். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள குளிர்ப் பள்ளத்தாக்கு அது. வெப்பமண்டலம்தானே என்று பருத்தி உடையோடு மட்டும் போகிறவர்கள் அங்கே விறைத்துப்போவார்கள். பாட்டிக்குக் கம்பளிச் சட்டையும் காதை மூடும் தொப்பியும் வாங்கி வைக்கச் சொன்னேன்.

மார்ச் மாதம் போனார்கள். கெட்சால் பறவை கூடு கட்டும் பருவம். காட்டு அவகாடோ மரம் ஒன்றின் கீழ் வழிகாட்டி விடியலில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுப் பாட்டியை உட்கார வைத்திருக்கிறார். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை, தோகை காற்றில் நெளிய, பாட்டியின் தலைக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்து பழம் தின்றதாம்.