பள்ளி விளையாட்டு நிதியில் மாணவிகளின் பங்கு: எப்படிக் கேட்பது?

அரசுப் பள்ளிகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கவென்றே ஆண்டுதோறும் நிதி ஒதுக்க விதி இருக்கிறது. சமக்ர சிக்‌ஷா எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்படி தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000, நடுநிலைப் பள்ளிக்கு ரூ.10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ரூ.25,000 வரை. இதில் மாணவர் பங்கு இவ்வளவு, மாணவி பங்கு இவ்வளவு என்ற பிரிவு கிடையாது. சிக்கலே அதுதான். கிரிக்கெட் மட்டை, கால்பந்து என்று பில் போட்டு முடித்தபின் பெண்பிள்ளைகளுக்குப் பல இடங்களில் மிஞ்சுவது நாலு ஸ்கிப்பிங் கயிறும் ஒரு டென்னிகாய்ட் வளையமும்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016 நிலவரப்படி, உலக அளவில் 11–17 வயது மாணவிகளில் 85 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. மாணவர்களில் 78 சதவீதம். (பையன்கள் கணக்கும் மெச்சும்படி இல்லை.)

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணை விளையாட்டு மைதானம், ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை, ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள் மூன்றையும் கட்டாயமாக்குகிறது. 6–8 வகுப்புகளில் 100 பேருக்கு மேல் படித்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியரும் வேண்டும். இந்தச் சட்டம் 8ஆம் வகுப்போடு நின்றுவிடும். ஆனால் நிதி பிளஸ் டூ வரை உண்டு.

கேட்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. இதே சட்டத்தின் பிரிவு 21-இன்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் இவர்கள் வேலை. கூட்டத்தில் இருப்புப் பதிவேடு, வாங்கிய பில், கால அட்டவணை மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள்: பொருள் இருந்தும் பி.இ.டி. பீரியடைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுவது அதில்தான் தெரியும்.

தீர்மானம் பொருள் வாங்குவதற்கு முன்பே வர வேண்டும். "மாணவிகளுக்கும் உபகரணம் வழங்கப்படும்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. "த்ரோபால் 4, கோ-கோ கம்பம் 1 ஜோடி, செவ்வாய், வியாழன் கடைசி பீரியட் மைதானம் 7ஆம் வகுப்பு மாணவிகளுக்கு" என்று எழுதுங்கள். கூடவே கழிப்பறைத் தாழ்ப்பாள், தண்ணீர், நாப்கின் தொட்டி. மாதவிடாய் நாட்களில் இவை இல்லாவிட்டால் பந்து இருந்தும் பிள்ளை வகுப்பிலேயே உட்கார்ந்துவிடும்.

6–12 வகுப்பு மாணவிகளுக்கான தற்காப்புப் பயிற்சிக்கு மாதம் ரூ.5,000 வீதம் 3 மாதத்துக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதைக் காட்டி விளையாட்டு நிதியில் கைவைக்க விடாதீர்கள்.

8ஆம் வகுப்பு வரையிலான குறைகளுக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32-இன் கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில். அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே. 2024–25 கணக்கைப் புரட்டுவோர் ஒன்று கவனிக்க: அந்த ஆண்டு, பி.எம். ஸ்ரீ எனும் ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்தில் சேர்வது பற்றிய இழுபறியில், சமக்ர சிக்‌ஷாவில் தமிழ்நாட்டுக்கான ஒன்றிய அரசின் பங்கே வராமல் நின்றது.